ஊர் மைதானத்துக்கு எல்லோரையும் வரவைப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

“எல்லோரும் வரலாம்” என்று போஸ்டர் ஒட்டினால் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். எங்கள் ஊரில் மாலை நேர வாலிபால் குழுவை அப்படித்தான் ஆரம்பித்தோம். முதல் நாள் 40 பையன்கள், 3 பெண் பிள்ளைகள். ஒரே வாரத்தில் அந்த மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். கீழத்தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் தினமும் வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, அதிலேயே சாய்ந்தபடி ஆட்டம் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பிவிடுவான்.

அதன் பிறகு பக்கத்து ஊர்களில் இதே வேலையைத் தொடங்கியவர்களுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: ஆள் கூப்பிடுவதை முதல் வேலையாக வைக்கிறார்கள். அது ஆறாவது வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய ஐந்தையும் செய்யாமல் கூப்பிட்டால், வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். ஒருமுறை திரும்பிப் போனவர்களை மறுபடி வரவைப்பது புதிதாகக் கூப்பிடுவதைவிடக் கஷ்டம்.

கீழே உள்ளது கிராமத்துக்கும் சிறு நகர வார்டுக்கும் பொருந்தும். ஆட்டங்கள் வாலிபாலும் கபடியும். வயது சுமார் 10-லிருந்து 18 வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களும்.

முன்கூட்டியே வேண்டியவை

ஆட்கள்: தினமும் வந்து நிற்கக்கூடிய பெரியவர்கள் குறைந்தது 3 பேர். அதில் ஒருவராவது பெண். மூவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் நிறைவேறாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போட்டு ஆள் தேடுங்கள். தொடங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

பொருட்கள்: வலை, இரண்டு கம்பம், 3 பந்து, கோடு போடச் சுண்ணாம்புப் பொடி, விசில், ஒரு சிவப்புக் கொடி, முதலுதவிப் பெட்டி, குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு நீள நோட்டு. வாங்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 2024-ல் ஊராட்சிகளுக்குப் பந்து, வலை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் பெட்டி பிரிக்காமலே பீரோ மேல் இருக்கும்.

காலம்: முதல் வேலைக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே 6 வாரம் வையுங்கள். மே மாதத்தில் தொடங்காதீர்கள். லீவில் கூட்டம் அள்ளும். பாதிப் பேர் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள், ஜூனில் மைதானம் காலியாகிவிடும். பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினால் ஐப்பசி மழை வருவதற்குள் பழக்கமாகிவிடும்.

1. யார் வரவில்லை என்று முதலில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஊரின் எல்லாத் தெருக்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே இப்போது மைதானத்துக்கு வருகிறவர்கள் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று போடுங்கள். பத்து நிமிட வேலைதான். சில தெருக்களுக்கு நேராகப் பூஜ்யம் விழும். அந்தப் பூஜ்யங்கள்தான் அடுத்த ஆறு வாரத்துக்கு உங்கள் வேலைப் பட்டியல்.

சாதி என்று தனி கட்டம் போடாதீர்கள். தேவையே இல்லை. நம் ஊர்களில் தெருப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும்; நோட்டு யார் கையிலாவது சிக்கினால் வம்பு.

பிறகு பூஜ்யம் விழுந்த தெருக்களுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம பசங்க ஏன் கிரவுண்டுக்கு வர்றதில்ல?” பதில் சொல்ல விடுங்கள். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, உடனே “வாங்க வாங்க, யார் வேண்டாம்னாங்க” என்று சொல்லிவிடுவது. யாரோ, எப்போதோ வேண்டாம் என்று சொல்லித்தான் இருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், பந்து பொறுக்கிப் போடத்தான் கூப்பிடுவார்கள், ஆடவிட மாட்டார்கள் என்பது. அதைச் சொன்னவருக்கு அப்போது வயது முப்பதுக்கு மேல். அவர் சொன்னது அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக் கதை. தகப்பனுக்கு நடந்ததை மகன் நினைவில் வைத்திருக்கிறான்.

2. மைதானம் யாருடையது என்று காகிதத்தில் உறுதி செய்யுங்கள்

கோயில் நிலம், தனியார் களம், ஒரு தெருவின் பொதுத் திடல் இதெல்லாம் வேண்டாம். வசதியாக இருந்தாலும் வேண்டாம். முதல் சண்டை வந்ததும் “எங்க இடத்துல வந்து எங்களையே கேக்குறியா” என்ற பேச்சு கிளம்பும். அரசுப் பள்ளி மைதானம் அல்லது ஊராட்சியின் பொது இடம்தான் சரி.

பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊராட்சி இடம் என்றால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை சபை கூடுகிறது. தீர்மானத்தில் “அனைத்துத் தெருவைச் சேர்ந்த ஆண், பெண், மாற்றுத்திறனாளிகள்” என்று வார்த்தையாகவே எழுத வையுங்கள். “ஊர் இளைஞர்கள்” என்று எழுதினால் அது ஊருக்கு மட்டும், கீழத்தெருவுக்கு இல்லை என்று நாளைக்கே ஒருவர் அர்த்தம் சொல்வார்.

3. நேரம், வழி, கழிப்பறை

மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் நின்றுபோவதற்கு நான் பார்த்த காரணங்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கிவிடும். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு விளையாட்டு” என்ற பேச்சு வரும், ஆனால் அது பெரும்பாலும் மேலே போட்ட போர்வை. கீழே இருப்பது, இருட்டியபின் டாஸ்மாக் பக்கமாக எப்படி வீட்டுக்கு வருவாள் என்ற பயம்.

நேரம்: டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் வருடம் முழுக்க 4:30-க்குத் தொடங்கி 5:45-க்கு முடிப்பது என்று வையுங்கள். பெரிய பையன்களுக்கு இது பிடிக்காது, வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல் ஆடுவதுதான் அவர்கள் பழக்கம். அவர்கள் அப்புறம் ஆடிக்கொள்ளட்டும். நல்ல நேரத்தைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பெண்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. “காலை 6 மணிக்கு உங்களுக்கு கிரவுண்ட் ஃப்ரீ” என்பார்கள். காலை 6 மணிக்கு அந்தப் பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள்.

வழி: பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வரட்டும். வீட்டுக்குப் போனால் ஏதாவது ஒரு வேலை கையில் ஏறிவிடும். திரும்பும்போது தெருவாரியாகச் சேர்ந்து நடக்க வையுங்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெரிய பிள்ளை பொறுப்பு. எங்கள் ஊரில் ஒரு திருப்பத்தில் தெருவிளக்கு எரியாமல் இருந்தது. அதைச் சரி செய்ய வைக்க ஒரு மாதம் நடந்தோம். விளக்கு எரிந்த அடுத்த வாரம் அந்தத் தெருவிலிருந்து 5 பேர் வந்தார்கள். ஒரு பேச்சுவார்த்தையும் நடத்தவில்லை.

கழிப்பறை: இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், சாயங்காலம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக் கழிப்பறையைப் பள்ளி விட்டதும் பூட்டிவிடுவார்கள். சாவியின் ஒரு நகலை உங்களில் உள்ள பெண் கையில் வாங்கி வையுங்கள். உள்ளே வாளியில் தண்ணீர், தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைக் கூடை மூன்றும் வேண்டும். ஒரு பையில் நாப்கின் போட்டு உள்ளேயே ஆணியில் மாட்டிவிடுங்கள். கேட்டு வாங்க வேண்டியதாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அந்த மூன்று நாள் வர மாட்டார்கள். மூன்று நாள் நின்றால் ஒரு வாரம் ஆகும். அப்புறம் நிரந்தரமாகிவிடும்.

4. ஆட்டத்தின் வரிசை

முதலில் வாலிபால், மூன்றாவது மாதம் கபடி. இது என் அனுபவ வரிசை, காரணம் எளிது. வாலிபாலில் நடுவே வலை இருக்கிறது, ஒருவரை ஒருவர் தொட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் கலந்து ஆடினாலும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பேச ஒன்றும் கிடைக்காது.

கபடியில் தொட்டால்தான் பாயிண்ட். காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், மேலே விழ வேண்டும். யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று ஆயிரம் கணக்கு வைத்திருக்கும் ஊரில் இப்படி ஒரு ஆட்டம் பிறந்தது எப்படி என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் முதல் வாரமே அதில் இறங்கினால், பழகாத உடம்புகள் முரட்டுத்தனமாக மோதும், யாருக்காவது அடிபடும், அடிபட்டது எந்தத் தெரு, அடித்தது எந்தத் தெரு என்று பேச்சு போகும். இரண்டு மாதம் ஒன்றாக வலை கட்டி, பந்து துரத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய பிறகு அதே மோதல் வெறும் ஆட்டமாக இருக்கும்.

கபடிக்குப் பெண்களையும் ஆண்களையும் தனித்தனியாக ஆடவிடுங்கள், பெண்களுக்குப் பெண்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெண்கள் ஆடுகளம் 12 மீட்டருக்கு 8, ஆண்களுக்கு 13-க்கு 10. பையன்கள் போட்ட கோட்டுக்குள்ளேயே பெண்களை ஆடச் சொல்லாதீர்கள். வாலிபால் வலையும் அப்படித்தான்: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. சிறு பிள்ளைகளுக்கு 2 மீட்டருக்கும் கீழே இறக்குங்கள். ஆண்கள் உயரத்திலேயே கட்டிவைத்துவிட்டு “பொண்ணுங்களுக்கு அடிக்க வரல” என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

பெற்றோர் கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கட்டும். சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடியவர். இதை ஒருமுறை சொன்னால் போதும். எல்லா வீட்டிலும் பதக்கக் கதை சொன்னால், பதக்கம் வராத பிள்ளை மூன்றாம் மாதம் நிறுத்தப்படும்.

இன்னொன்று. பொங்கல் விளையாட்டு விழாவில் பையன்களுக்குக் கபடியும் பெண்களுக்குக் கோலமும் லெமன் ஸ்பூனும் என்று பிரிக்கும் வழக்கத்தை இந்த வருடத்திலேயே உடைக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். விழாக் கமிட்டியோடு சண்டை போட்டால் மைதானம் போய்விடும். அடுத்த தையில் உங்கள் பெண்கள் அணி தயாராக இருக்கும்போது ஒரு காட்சி ஆட்டம் மட்டும் கேளுங்கள்.

5. ஒரு பக்க விதிமுறை

ஆள் சேரும் முன்பே எழுதி ஒட்டுங்கள். சண்டைக்குப் பிறகு எழுதும் விதி ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே தெரியும். எங்கள் பக்கத்தில் இருப்பவை:

சாதிப் பெயர், தெருப் பெயர், பட்டப்பெயர், உடல் குறை இதைச் சொல்லிக் கூப்பிட்டால் அன்று ஆட்டம் இல்லை. இரண்டாம் தடவை ஒரு வாரம். நன்றாக ஆடுகிறவனுக்கும் இதுவே. முதல் தண்டனை பெரும்பாலும் உங்கள் சிறந்த ஆட்டக்காரனுக்குத்தான் விழும், எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு, சாதித் தலைவர் படம் போட்ட பனியன் கிடையாது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மைதானத்திலும் அதையே வைத்துக்கொள்வதில் யாருக்கும் பதில் பேச இடம் இருக்காது. சாமிக் கயிறு என்பார்கள். சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கோயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. அறையிலும், பைக்கிலும், வெளியூர் போட்டியிலும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. தவறாக ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் ஊரில் வைத்துப் பேசித் தீர்ப்பது நம் வேலை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அதே பக்கத்தின் அடியில் பெரிதாக எழுதுங்கள்.

சாதி சொல்லித் திட்டி அடிதடி ஆனாலும் ஊரில் வைத்துப் பேசித் தீர்க்காதீர்கள். பாதிக்கப்பட்ட வீட்டாரிடம் போய் “விட்டுடுங்க, டீம் கலைஞ்சுடும்” என்று கெஞ்சாதீர்கள். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் முடிவு.

6. இப்போது வீடு வீடாகப் போங்கள்

நோட்டில் பூஜ்யம் விழுந்த தெருக்களிலிருந்து தொடங்குங்கள். இருவராகப் போங்கள், ஒருவர் பெண். சாயங்காலம் 7 மணிக்கு மேல் போனால்தான் வேலைக்குப் போன அம்மாக்கள் இருப்பார்கள். நடவு, அறுப்பு நாட்களில் போகாதீர்கள்.

பெண் பிள்ளை வீட்டில் அப்பாவிடம் பேசுவதைவிட அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் பேசுங்கள். நேரம், யார் கூட வருவார்கள், கழிப்பறைச் சாவி யாரிடம், என்ன உடை என்று அவர்கள் கேட்கும் நான்கு கேள்விக்கும் உங்களிடம் இப்போது பதில் இருக்கிறது. இதற்காகத்தான் இந்த வேலை ஆறாவதாக வந்தது.

உடைக்கு: டிராக் பேண்டும் தளர்வான டி-ஷர்ட்டும் போதும். ஷார்ட்ஸ் கட்டாயம் இல்லை. துப்பட்டா மட்டும் வேண்டாம், கால் தட்டும், கழுத்தை இறுக்கும். முஸ்லிம் பிள்ளைகள் தலையை மறைத்து ஆடலாம். ஊக்கு குத்தாமல் இழுத்து மாட்டும் துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் பெரிய விஷயமாக யாராவது பேசினால், கால்பந்தில் ஃபிஃபா 2014-லும் கூடைப்பந்தில் ஃபிபா 2017-லும் இதை அனுமதித்துவிட்டன என்று சொல்லுங்கள்.

ஒரு பெண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். ஒரே தெருவில் மூன்று பேராவது சம்மதிக்கும் வரை காத்திருந்து ஒன்றாக வரவழையுங்கள். தனியாக வருபவள் வேடிக்கைப் பொருளாகிவிடுவாள்.

7. முதல் நாள்: அணி பிரிப்பது

இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் முறையை இன்றோடு விடுங்கள். கடைசியில் மிஞ்சி நிற்கும் பிள்ளை யார் என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அரை நிமிடம் போதும், நாளைக்கு வராமல் இருக்க.

வரிசையில் நிற்க வைத்து 1, 2, 3, 4 என்று எண்ணச் சொல்லுங்கள். தந்திரம் இங்கே வரும்: ஒரே தெருக்காரர்கள் சேர்ந்தே நிற்பார்கள், அதனால் எண்ணினால் தானாகவே வேறு வேறு அணிக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் வாரம் இதைக் கண்டுபிடித்து இடம் மாறி நிற்பார்கள். அப்போது சீட்டுக் குலுக்கலுக்கு மாறுங்கள். பிரித்த அணியை ஒரு மாதம் மாற்றாதீர்கள். தினம் மாற்றினால் யாரும் யாரோடும் பழக மாட்டார்கள்.

அணிக்குத் தெருப் பெயர் வைக்காதீர்கள். “காலனி டீம்” என்ற சொல் ஸ்கோர் போர்டில் வரவே கூடாது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே நீக்குவதாக 2025-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எங்கள் அணிகளின் பெயர்கள் மயில், புலி, வரையாடு, மரகதப்புறா. மரகதப்புறா அணிக்குப் போகப் பையன்கள் யாரும் ஆசைப்படவில்லை. அந்த அணிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது, பிறகு ஆசை வந்துவிட்டது.

8. தண்ணீர், செருப்பு, காசு

சின்ன விஷயங்களாகத் தெரியும். ஊடுருவிப் பாருங்கள், ஆட்கள் கழன்றுபோவது இங்கேதான்.

தொடங்கிய புதிதில் ஒரு வீட்டிலிருந்து குடமும் சொம்பும் வந்துகொண்டிருந்தன. எல்லாம் நன்றாகப் போவதாகத்தான் நினைத்தோம். ஒரு நாள் எங்களோடு இருந்த அக்கா சொன்னார், “அந்த நாலு பசங்க இங்க தண்ணியே குடிக்கிறதில்ல, பாத்தியா?” பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் நேரே ரோட்டோரக் குழாய்க்கு ஓடினார்கள். யாரும் குடிக்காதே என்று சொல்லவில்லை. சொம்பு எந்த வீட்டுடையது என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மறுநாளே பொதுக் காசில் குழாய் வைத்த கேனும் 12 டம்ளரும் வாங்கினோம். தண்ணீர் நிரப்பும் முறை அணிவாரியாக மாறும், எல்லாத் தெருக்காரரும் நிரப்புவார்கள், எல்லாரும் குடிப்பார்கள். அவரவர் பாட்டில் கொண்டுவரச் சொல்லலாமே என்று கேட்பார்கள். சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் பிரச்சினை தீராது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு பையன் மூன்று வாரம் கழித்து அவனாகவே வந்துவிட்டான், இன்னொருவன் வரவில்லை.

காலணி: மண் தரை என்றால் எல்லோரும் வெறுங்கால். ஷூ கட்டாயம் என்று ஒரு நாள் சொன்னதற்கு 6 பேர் நின்றார்கள். ஷூ இல்லை என்று ஒருவனும் சொல்லவில்லை, டியூஷன் இருக்கிறது என்றார்கள். தினமும் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் குனிந்து முள், கண்ணாடித் துண்டு பொறுக்க வேண்டும்.

கட்டணம் வேண்டாம். நன்கொடை வாங்கலாம், ஆனால் சாதிச் சங்கத்திடமும் கட்சியிடமும் வாங்காதீர்கள். ஜெர்சியில் பெயர் வரும், பெயரோடு கலர் வரும். ஜெர்சியில் முன்னால் அணியின் பெயர், பின்னால் நம்பர். வேறு எதுவும் இல்லை.

9. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்

“பாவம், அவனும் இருக்கட்டும்” என்று ஸ்கோர் எழுத உட்கார வைப்பதுதான் இதில் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். வேலியோரம் சைக்கிளில் சாய்ந்திருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் எழுதினான். மூன்றாம் நாள், “அண்ணா, எனக்குக் கணக்கு நல்லா வரும்னு யார் சொன்னது?” என்று கேட்டான்.

பிள்ளையிடமே கேளுங்கள்: என்ன ஆடப் பிடிக்கும், எது முடியும், எங்கே உதவி வேண்டும். மருத்துவச் சான்று கேட்டு ஆரம்பிக்காதீர்கள், அது வெளிப் போட்டிக்குப் போகும்போது போதும்.

காலில் குறை உள்ளவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் வாலிபால் இருக்கிறது. பாராலிம்பிக்கில் உள்ள ஆட்டம்தான். களம் 10 மீட்டருக்கு 6. வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. பக்கத்துக்கு 6 பேர். பந்தைத் தொடும்போது உட்கார்ந்த பாகம் தரையை விட்டு எழக் கூடாது. பெரிய களத்துக்குள்ளேயே கோடு போட்டு, வலையை இறக்கிக் கட்டி, தார்ப்பாய் விரித்தால் ஆயிற்று. முக்கியமான விஷயம், எல்லோரையும் உட்கார வைத்து ஆடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மொத்தக் குழுவும் இதைத்தான் ஆடும். நின்றபடி பறந்து அடிக்கிற எங்கள் பையன்கள் உட்கார்ந்ததும் நகரத் தெரியாமல் திணறினார்கள். கைகளை ஊன்றி வழுக்கிப் போகும் வித்தையை அந்தப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான்.

காது கேளாதவர்களுக்கு: விசிலோடு சேர்த்துச் சிவப்புக் கொடியையும் தூக்குங்கள். நடுவரைப் பார்க்காமல் முதுகு காட்டி நிற்பவர் தோளில் பக்கத்து ஆள் தட்டட்டும். இரண்டு வாரத்தில் விசிலை எல்லோருமே மறந்துவிடுவார்கள். பார்வை இல்லாதவர்களுக்கு உள்ளே குண்டு போட்டுச் சத்தம் வரும் பந்தால் கிரிக்கெட் உண்டு. அது ஆடும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் சத்தம் போடக் கூடாது என்பதுதான் பழக்க வேண்டிய பாடம்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அதே வயதுள்ள ஒரு ஜோடி ஆட்டக்காரரைப் பிடித்துக் கொடுங்கள், மாற்றாதீர்கள். தினமும் ஒரே வரிசையில் பயிற்சி நடக்கட்டும். புதுச் சத்தம், புது இடம் இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

ஒரு தகப்பனார் என்னிடம், “என் பையன் மாரியப்பன் மாதிரி வருவானா?” என்று கேட்டார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலுவைச் சொல்கிறார். தெரியாது, ஆனால் சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம் சந்தோஷமாக இருப்பான் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

10. திருநர்களும் வெளி மாநிலத் தொழிலாளர்களும்

திருநங்கையோ திருநம்பியோ வந்தால், அவர் சொல்லும் பெயரில் கூப்பிடுங்கள், அவர் சொல்லும் அணியில் ஆடட்டும். நோட்டிலும் அந்தப் பெயர்தான். வெளிப் போட்டிகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விதி வேறு வேறாக இருக்கும், அதை முன்பே கேட்டு அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே போய் நின்ற பிறகு திருப்பி அனுப்புவது கொடுமை. உடம்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையைச் சொல்லிப் பறித்ததையும், அதன்பின் அவர் பட்ட பாட்டையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது.

செங்கல் சூளை, மில், கட்டட வேலைக்கு வந்த வெளி மாநிலத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அன்று மதியத்துக்குப் பின் பெரியவர்கள் ஆட்டம் வையுங்கள். “அவங்க டீம், நம்ம டீம்” என்று மோத விடாதீர்கள், கலந்து பிரியுங்கள். மொழி தடையில்லை. அவுட், பாயிண்ட், சர்வீஸ் எல்லோருக்கும் தெரியும்.

11. நோட்டை மாதம் ஒருமுறை திருப்புங்கள்

தினமும் வருகை எழுதுங்கள். மாதக் கடைசியில், வந்தவர்களை விட்டுவிட்டு, தொடர்ந்து 5 நாள் வராதவர்களை மட்டும் வட்டமிடுங்கள். இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். போனில் கேட்டால் “உடம்பு சரியில்ல” என்றுதான் பதில் வரும். வாசலில் நின்றால்தான் வயசுக்கு வந்துவிட்டாள், அண்ணன் திட்டினான், இன்னார் கிண்டல் செய்தான் என்பதெல்லாம் வெளியே வரும்.

வயசுக்கு வந்ததும் நிறுத்துவது அதிகம். சடங்கு முடியும் வரை அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். நம்பர் 7 அவளுக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். திரும்பி வர ஒரு காரணம் மிச்சமிருக்கும்.

வட்டமிட்ட பெயர்கள் ஒரே தெருவில் குவிந்தால், மைதானத்தில் உங்கள் கண்ணுக்குப் படாமல் ஏதோ நடந்திருக்கிறது. முதலில் தண்ணீர் கேனைப் போய்ப் பாருங்கள்.

12. வெளிப் போட்டிக்குப் போவது

ஆறு மாதத்துக்குள் போகாதீர்கள். போகும்போது முதலமைச்சர் கோப்பையில் பெயர் கொடுங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் தனித்தனிப் பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கும் வேலையை முன்கூட்டியே ஆரம்பியுங்கள், முகாமுக்கு இரண்டு மூன்று நடை ஆகும். சந்தேகம் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள்.

அணித் தேர்வை எல்லோர் முன்பும் நடத்தி, பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். போனில் சொன்னால் எந்தத் தெருவுக்கு எத்தனை என்று அன்றிரவே கணக்கு ஓடும். தேர்வில் ஆட்டம் மட்டும்தான் பேச வேண்டும், தெருவுக்கு ஒருவர் என்று பங்கு போடாதீர்கள். அப்படிப் போட்டால் உண்மையிலேயே நன்றாக ஆடி வந்தவனையும் பங்கில் வந்தவன் என்பார்கள்.

வேனில் யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். விட்டால், ஆறு மாதம் கலந்து ஆடியவர்கள்கூடத் தெருவாரியாக ஒட்டிக்கொள்வார்கள், முன் சீட்டும் பின் சீட்டும் பழைய கணக்கில் போய்விடும். பெண்கள் எல்லோரும் உங்களில் உள்ள பெண்ணோடு முன் வரிசைகளில், மற்றவர்கள் ஜெர்சி நம்பர் வரிசையில். வாந்தி வருகிறவர்கள் மட்டும் நம்பர் பார்க்காமல் ஜன்னலோரம்.